கல்லில் விழுந்த சில்லு

என் தங்கையின் கணவரை விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று நான் நடத்துகிற பில்லியர்ட்ஸ் கிளப் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் மாப்பிள்ளை என்பேன். கோபம் வந்தால் 'மாப்பிள்ளை சார்' என்பேன். கொஞ்ச காலம் சார் போட்டுத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கியூ செய்கிறவர். பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் பந்தை அடிக்கிறோமே, அந்த நீளக் கோல், ஸ்டிக். என் கிளப்புக்குப் பின்னால் இருக்கிற தகரக் கூரைப் பட்டறை அவருடையது. கடையில் தொங்குகிற கியூ அல்ல அவர் செய்வது. ஆளைப் பார்த்து, கையைப் பார்த்து, அடிக்கிற தினுசைப் பார்த்துச் செய்கிற கியூ. கியூ என்றால் மரம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மரம் வெறும் உடம்புதான். நுனித் தோலுக்குக் கீழே மாட்டுகிற குப்பி, இரண்டு பாதிகளும் சேருகிற இடத்து வளையம், இரண்டையும் பிடித்துவைக்கிற திருகு, இந்த மூன்றில்தான் உயிர் இருக்கிறது. மூன்றையும் அவர் அடுக்குப் பலகையில் கடைவார்.

துணியையோ கண்ணாடி நாரையோ பாய் பாயாக அடுக்கி, ரெசின் பசையில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி ஒன்றாக்கினால் அதுதான் அடுக்குப் பலகை. துணி அடுக்கு பழுப்பு நிறம். அறுத்த விளிம்பில் நெசவு தெரியும். கண்ணாடி அடுக்கு வெளிர்பச்சை, இரும்புக்குத் தம்பி. புதிதாக ஒரு பலகையோ தண்டோ வந்தால், அதிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சில்லு அறுத்து, ஜன்னலோரம் கிடக்கும் கருங்கல்லின் மேல் போடுவார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருமக்கூடாது. துணிச் சில்லு 'டொக்' என்னும். கண்ணாடிச் சில்லு 'டிங்' என்னும். உள்ளே எங்காவது அடுக்கு சரியாக ஒட்டாமல் இருந்தால் 'சொத்' என்று ஒரு சத்தம் வருமாம். வருமாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். அவர் ஒரு தண்டைத் தூக்கி மூலையில் எறிந்தால், அறுத்துப் பார்க்கையில் நிச்சயம் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கும். பாம்புக் காது அவருக்கு.

அந்தக் காதை வைத்துத்தான் ஆளுக்கேற்ற பொருளைத் தேர்ந்தெடுப்பார். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் வருவார். அவர் பந்தை அடிக்க மாட்டார், பழி வாங்குவார். அவருக்குத் துணிக் குப்பி; அதிர்ச்சியை அது குடித்துக்கொள்ளும் என்பார் மாப்பிள்ளை. மருந்துக்கடைக்காரர் பந்திடம் மன்னிப்புக் கேட்பதுபோலத் தொடுவார். அவருக்குக் கண்ணாடிக் குப்பி. தொட்டது கைக்குத் தெரிய வேண்டுமே. இப்படிச் செய்து கொடுத்த கியூவை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, அந்த நாட்களில்.

கடைசல் வேலையிலும் மனிதர் பிடிவாதக்காரர். துணி அடுக்கில் திருகுக்கு மரை போடுவதென்றால் அடுக்குக்குக் குறுக்கேதான் துளைப்பார். அடுக்கின் வாக்கிலேயே துளைத்தால், புத்தகத்துக்குள் ஆப்பு அடித்தமாதிரி விரிந்துவிடும். கண்ணாடி அடுக்கு இன்னும் பொல்லாதது. சாதாரண டூலைப் பல் போன கிழவனாக்கிவிடும். கார்பைடு டூல் போட்டு, விளிம்பு பிய்யாமல் பின்னால் ஒரு மரத்துண்டை அணைகொடுத்து, சன்னம் சன்னமாகச் சீவ வேண்டும். அதிலிருந்து பறக்கிற தூசி இருக்கிறதே, அது தூசியே அல்ல, பொடித்த கண்ணாடி. தோலில் பட்டால் சொறிந்தே மாள வேண்டும். மூச்சில் போனால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நுரையீரலை அவர் பெண்டாட்டியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார். முகத்துக்கு வடிகட்டி வைத்த முகமூடி. லேத் தலைமாட்டில் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், அதன் மறுமுனையில் தூசியை இழுக்கிற பெரிய உறிஞ்சி. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். வெந்நீர் பட்டால் மயிர்க்கால் திறந்து கண்ணாடித் தூள் தோலுக்குள் இறங்கிவிடும் என்பார். அவர் துணியை என் தங்கை தனி வாளியில்தான் துவைப்பாள். அந்த உறிஞ்சி போடுகிற ஊளை மட்டும் பெரிய தொல்லை. என் கிளப்பில் கடைசி மேசைக்காரர்கள் ஸ்கோரைக் கையால் காட்டிக்கொள்வார்கள்.

"காதுக்கு ஏதாவது அடைச்சுக்கங்களேன்," என்று தங்கை ஆரம்பத்திலேயே சொன்னாள்.

"காதை அடைச்சுக்கிட்டா டூல் வெட்டுறது எப்படிக் கேக்கும்? சத்தம் மாறுனா நிறுத்தணும். இல்லைன்னா அடுக்கு பிஞ்சிரும்," என்றார் அவர்.

பேச்சு அத்தோடு முடிந்தது. மூக்குக்குப் பூட்டுப் போட்ட மனிதர், காதுக் கதவை வருஷக்கணக்காக விரியத் திறந்து வைத்திருந்தார். காது அவருக்கு வேலைக் கருவி, அதனால் மூடவில்லை. மூடாததால்தான் அது போனது.

முதலில் துணி அடுக்கின்மேல்தான் பழி விழுந்தது. சில்லைக் கல்லில் போடுவார், முகத்தைச் சுளிப்பார். "இப்ப வர்ற ஷீட் எல்லாம் ஊமை மச்சான். முன்ன மாதிரி துணி போடுறதில்ல. ரெசின்லயும் தண்ணி கலக்குறான்." அனுப்புகிறவரை மாற்றினார். அங்கிருந்து வந்ததும் ஊமை. மறுபடியும் மாற்றினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் கேலி செய்தேன். கேலி பலித்துவிடும் என்று நான் கண்டேனா?

ஊமையாகாதது கண்ணாடி அடுக்கு ஒன்றுதான். உரக்க விழுகிற அதன் டிங் மட்டும் அவருக்கு இன்னும் எட்டிக்கொண்டிருந்தது. எனவே எல்லாருக்கும் கண்ணாடி. மென்மையாக அடிக்கிறவருக்கும் கண்ணாடி, முரட்டுக்கும் கண்ணாடி. டாக்ஸிக்காரர் புதுக் கியூவால் நாலு அடி அடித்துவிட்டு முழங்கையைத் தடவிக்கொண்டார். "என்னண்ணே இது, கம்பியால பாறையை அடிச்ச மாதிரி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நேரே பட்டறையில் போய்க் கேளுங்கள் என்றேன். போனார். கொஞ்ச நாளில் இன்னொரு சங்கதியோடு திரும்பி வந்தார். குப்பி அடுக்கு அடுக்காக வாய் பிளந்திருந்தது. காதுக்காரர் கையால் கடைந்த குப்பி, உள்ளே ஒட்டாத அடுக்கோடு!

மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க அடிக்கிற அடிக்கு ரயில் தண்டவாளமே பிளக்கும்," என்றார். டாக்ஸிக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். தங்கை கேட்பது ஒன்று, இவர் சொல்லும் பதில் வேறு. எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று குற்றம் சாட்டுவார். தானோ தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுவார். டாக்டரிடம் போகலாம் என்று தங்கை ஒருமுறை வாயெடுத்தாள். "என் காதைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. நாங்கள் காதும் காதும் வைத்தாற்போல் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவர் அடுத்த அறையில் இருக்கும்போதே பேசினோம். அதிலிருக்கிற அசிங்கம் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அவருடைய மகள் என் கிளப்பிலேயே வளர்ந்தவள். மேசை உயரம் வருவதற்கு முன்பே முக்காலி போட்டு ஏறி அடித்தவள். ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, இந்த வருடம் ஸ்னூக்கர் அணித் தேர்வு வரைக்கும் வந்துவிட்டாள். தேர்வுக்கு அப்பா கியூ செய்து கொடுப்பதாகச் சொன்னார். இதுவரைக்கும் தான் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். குப்பி கண்ணாடி, வளையம் கண்ணாடி, திருகும் கண்ணாடி.

அந்தக் கியூவுக்கு வளையம் கடைந்துகொண்டிருந்த பிற்பகலில்தான் அது நடந்தது. தங்கையும் மகளும் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். ஏதோ ஒரு சாவி கேட்க நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் வெள்ளை. மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பொடி மினுமினுத்துக்கொண்டு மிதந்தது. மாப்பிள்ளையின் தலைமுடி, புருவம், கைகள் எல்லாம் நரைத்திருந்தன. உறிஞ்சியின் பெல்ட் அறுந்து தரையில் கிடந்தது. ஊளை இல்லை. லேத் மட்டும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. உறிஞ்சிதான் இழுக்கிறதே என்று முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு அவர் சீவிக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்தினாள் மகள். அவர் திரும்பவில்லை. தங்கை டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன? ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

நான் உறிஞ்சியைக் காட்டினேன். அவர் பார்த்தார். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்று இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பத்தான் அறுந்திருக்கும்," என்றார்.

கருங்கல்லின் மேல் பொடி கனமாகப் படிந்திருந்தது. விரலால் கோடு இழுக்கலாம். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் தங்கை, "ஆமாங்க, இப்பத்தான் அறுந்திருக்கும்," என்றாள். அவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்து, பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். அவர் இருமி இருமிச் சோர்ந்துபோனார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும்போதெல்லாம் ஒரு கை அவ்வப்போது போய் உறிஞ்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். நான் அதைப் பார்ப்பேன். பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

கியூ முடிந்தது. பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. மகள் என் கிளப்பில் வைத்து அதால் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டை உதறினாள். அப்பா எதிரே நின்று, "எப்படிம்மா?" என்றார்.

"நல்லா இருக்குப்பா."

"என்ன?"

"நல்லா இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அவர் பட்டறைக்குப் போனதும் அந்தக் கியூவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, என் கிளப்புச் சுவரில் மாட்டியிருக்கிற பொதுக் கியூக்களில் ஒன்றை எடுத்து ஆடுவாள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடுகிற பழைய கியூ அது. அதையேதான் எப்போதும் எடுப்பாள். "அப்பாகிட்டச் சொல்லும்மா," என்றேன். "நீங்க சொல்லுங்க மாமா," என்றாள். என்னால் முடியுமா? முடியாது. எனக்கு வாய்தான் நீளம்.

தேர்வு ஆட்டம் பெரிய அரங்கத்தில். மாப்பிள்ளை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும்போதே மகள் அந்தப் பொதுக் கியூவை ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். "சும்மா இருக்கட்டும் மாமா," என்றாள். அதை என் நாற்காலிக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். ஆட்டத்தை அப்பாவின் கியூவால்தான் ஆரம்பித்தாள். பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மெல்லத் தொட நினைத்தால் தெறித்து ஓடியது. அவள் மணிக்கட்டை உதறுவதை எதிராளிகூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இடைவேளைக்குள் நன்றாகவே பின்தங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை கழிவறைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்து நின்றாள். நான் நாற்காலிக்குக் கீழே கையை விட்டு உறையை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஆடினாள் பாருங்கள், அது ஆட்டம். பறிகொடுத்ததையெல்லாம் திரும்பப் பிடித்தாள். கடைசி ஆட்டம், கடைசிக் கறுப்புப் பந்து. குழியில் விழுந்தால் அணியில் இடம். அரங்கில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கத்து மூலைக்கு வந்து, விளக்குக்குக் கீழே குனிந்தாள். கியூவின் நுனி எங்களுக்கு நேரே நீண்டது. குப்பி பச்சையாக இல்லை. பழுப்பாக இருந்தது.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தார். என் காதருகே வாயைக் கொண்டுவந்தார். ரகசியம் சொல்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

"மச்சான், அது என் ஸ்டிக் இல்ல!"

அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவர் எங்களைப் பார்த்து விரலை உயர்த்தினார். மகள் மெதுவாக நிமிர்ந்தாள். நான் அவர் தொடையில் கை வைத்து அழுத்தினேன். "என்ன? மெதுவாத்தானே சொன்னேன்?" என்றார், அதே சத்தத்தில்.

மகளின் முகம் சிவந்துபோயிருந்தது. கோபமா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை. இத்தனை மாதம் நாங்கள் குசுகுசுத்த அத்தனையும் அவள் தொண்டையில் வந்து நின்றது என்று நினைக்கிறேன். காது கேட்காதவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

"ஆமாப்பா! உங்க ஸ்டிக் இல்ல!" என்று அவள் கத்தினாள். "உங்க ஸ்டிக்கால அடிச்சா கை விண்ணுனு தெறிக்குது! டாக்ஸி மாமாவுக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான்! உங்களுக்குக் காது கேக்கலப்பா! ஒன்னுமே கேக்கல!"

"பேசக்கூடாது," என்றார் நடுவர். "இன்னொரு தடவை பேசினா ஆட்டம் உங்களுக்கு இல்ல."

அவள் தலையாட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். எனக்கு மேசையைப் பார்க்கத் தெம்பில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் கண் மட்டும் மகளின் மணிக்கட்டிலேயே இருந்தது. பந்து விழுந்தது. கைதட்டல் எழுந்தது. பக்கத்திலிருந்தவர்கள் தட்டுவதைப் பார்த்துவிட்டு அவரும் தட்டினார்.

"கையை உதறவே இல்ல, பாத்தீங்களா," என்றார் என்னிடம். பிறகு, "சத்தம் எப்படி வந்துச்சு மச்சான்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? டொக்குக்கும் டிங்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். "டொக்குனு வந்துச்சு மாப்பிள்ளை," என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

வெளியே தெருவுக்கு வந்தோம். மகள் அவர் எதிரே வந்து நின்றாள். அணியில் இடம் கிடைத்தவள் மாதிரியே இல்லை. பரீட்சையில் தோற்றவள் மாதிரி இருந்தாள். "மன்னிச்சுக்கங்கப்பா," என்றாள். அது அவருக்குக் கேட்டிருக்காது. அவர் கையை நீட்டினார். கியூவைக் கொடுத்தாள்.

அவர் அதைத் தெருவிளக்குப் பக்கம் திருப்பி நுனியைப் பார்த்தார். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கருத்துப்போன துணிக் குப்பி. கட்டைவிரல் நகத்தால் விளிம்பை வருடினார். நெசவு குறுக்கே ஓடியது. வருடிக்கொண்டிருந்த விரல் சட்டென்று நின்றது.

பட்டறை போட்ட புதிதில் என் கிளப்பின் பொதுக் கியூ ஒன்றுக்குக் குப்பி உடைந்துபோயிற்று. சில்லு சில்லாக அறுத்துக் கல்லில் போட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு தண்டைப் பிடித்துக் கடைந்து மாட்டிக் கொடுத்தார். அதுதான் இது. நான் மறந்தே போயிருந்தேன். மகளுக்கு அது தெரியவே தெரியாது. சுவரில் மாட்டியிருந்த அத்தனை கியூவிலும் கைக்கு இதமாக இருக்கிறது என்று இதை எடுத்தாள், அவ்வளவுதான்.

"இது நான் போட்டது," என்றார்.

"ஆமா மாப்பிள்ளை."

அவர் கியூவை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் தலையில் ஒருமுறை கை வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் குனிந்து சொன்னார்.

"அப்போ எனக்குக் காது கேட்டுச்சு மச்சான்."

தெருவில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.